வெள்ளி ஒட்டிய ரிப்பன்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் கம்பெனியின் குழந்தைகள் புத்தகப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். குசலம் விசாரித்துவிட்டு, "அக்கா, ஒரு சந்தேகம். அம்மா எந்தப் பக்கத்துல சாகணும்?" என்று கேட்டாள். பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என் கெட்ட பழக்கம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. புதிதாக வந்திருக்கும் மேனேஜர், அடுத்து போடப்போகும் நாவலில் அம்மா இருபதாம் பக்கத்தில் சாகட்டும் என்கிறாராம். படிக்கிற பிள்ளை முதலில் அந்த அம்மாவோடு பழக வேண்டுமாம், அப்போதுதான் அழுகை வருமாம். கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பார்த்தார்களாம், அதுவும் அதையே சொல்கிறதாம்.

"முதல் பக்கத்துக்கு முன்னாடியே செத்திருக்கணும்" என்றேன்.

"ஏன்க்கா?"

போனில் சொன்னால் விளங்காது, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அரைப் பக்கம் எழுதினால் போதும் என்றுதான் நினைத்தேன். எனக்கு எப்போதுமே கணக்குத் தவறும்.

நான் ஆமத்தூர்க்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தமிழ் படித்துவிட்டு வேலை தேடியபோது, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குப் பிழை திருத்த ஆள் வேண்டும் என்றார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற இந்த கிரேஸ், திங்கள் முதல் சனி வரை ராகு காலமும் எமகண்டமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இதில் வருத்தம். அப்பாவோ, "பிழை இல்லாம இருந்தா யாருக்கும் பாவமில்ல" என்று சொல்லிவிட்டார்.

காலண்டர் சீசன் முடிந்தால் மெஷின்கள் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற மெஷினைப் பார்த்தால் முதலாளிக்குத் தூக்கம் வராது. அந்த இடைவெளியில் ஏதாவது ஓடட்டும் என்று தொடங்கியதுதான் குழந்தைகள் புத்தகப் பிரிவு. முதலாளியின் தங்கை வீட்டுக்காரர் சண்முகக்கனி அண்ணாச்சிக்கு அதைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எங்கள் அறையை மாப்பிள்ளை டிபார்ட்மென்ட் என்று கேலி செய்வார்கள். அண்ணாச்சிக்கும் அது தெரியும். ஒருநாள் அவரே அப்படி ஒரு போர்டு எழுதி மாட்டலாமா என்று என்னிடம் கேட்டார்.

அண்ணாச்சி எந்தக் கதையையும் கண்ணால் படித்ததில்லை. எழுதியதை நான் வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மேசையில் சாத்தூர்க் காரச்சேவுப் பொட்டலம் ஒன்று பிரித்தபடி இருக்கும். கதை பிடித்திருந்தால் கை பொட்டலத்துக்குப் போகாது. அலுப்புத் தட்டினால் ஒன்றை எடுத்துக் கடிப்பார். கறுக்கென்று சத்தம் கேட்டால் அந்தப் பத்தி போச்சு. தொடர்ந்து சத்தம் கேட்டால் அத்தியாயமே போச்சு. வாயால் ஒரு குறை சொல்ல மாட்டார். முடிவில், "நல்லாருக்கும்மா, திரும்ப எழுது" என்பார். நான் முதலில் எழுதிக் கொண்டுபோன ராஜகுமாரன் கதைக்கு அவர் ஒரு பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு இன்னொன்று வாங்கிவர ஆள் அனுப்பினார். அன்றைக்கு நான் பாத்ரூமில் போய் அழுதேன். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் சேவு தின்றால் எந்தப் பத்தி போச்சு என்று தேடத் தோன்றுகிறது.

ராஜகுமாரர்களை விட்டுவிட்டு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை. தீயணைப்பு நிலையம் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் குழம்பிப் போவார்கள். அங்கே ஏதாவது நடந்தால் மறுநாள் பேப்பரில் வரும், அதற்கடுத்த நாள் வராது. அண்ணாச்சி ஒரு காலையில் அப்படி ஒரு பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா கிரேஸு, ஊரெல்லாம் இங்கன இருந்து காலண்டர் வாங்குதாக, வெடி வாங்குதாக. இங்கன உள்ள பிள்ளைக வாங்குறதுக்கு நாம என்னத்தப் போட்டிருக்கோம்? சிங்கமும் முயலுமா? அம்மா செத்த பிள்ளை சிங்கத்த வச்சு என்ன செய்யும்?"

"சாவை எழுதினா பிள்ளைக பயப்படாதா அண்ணாச்சி?"

"செத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாத. மறுநாள் காலையில கூட்டிட்டுப் போ. அன்னைக்குத்தான் யாரும் வரமாட்டாக."

ரேவதி கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். சாவு வீட்டில் கூட்டம் இருக்கும், அழ ஆள் இருக்கும், சோறு யாராவது கொண்டுவருவார்கள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு யார் தலை சீவிவிடுவது? அந்த இடத்தில்தான் நாவல் தொடங்கும். நாங்கள் போட்ட நாவல்கள் எல்லாம் அப்படி மறுநாளில் தொடங்கியவைதான்.

இன்னொரு பாடமும் அவரிடம் படித்தேன். ஒரு நாவலில், அப்பாவை இழந்த பையன் வெம்பக்கோட்டையில் இருக்கும் மாமா வீட்டுக்கு வந்து புதுப் பள்ளிக்கூடத்தில் சேருகிறான். கடைசியில் அவன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கிறான், வகுப்பே கை தட்டுகிறது. எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. அண்ணாச்சி கறுக்கென்று கடித்தார்.

"கை தட்டுனா அவன் அந்த ஊர்க்காரன் ஆயிட்டானா? கை தட்டுறது விருந்தாளிக்குத்தான். மாமா மத்த பிள்ளைகள ஏசுற மாதிரி அவனையும் ஏசணும். அது வந்தாத்தான் அவன் அந்த வீட்டுப் பிள்ளை."

பந்தயத்தை எடுத்துவிட்டேன். பையன் கண்மாயில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து, மாமாவிடம் சொந்தப் பிள்ளைகளோடு வரிசையாக நின்று ஏச்சு வாங்குவதோடு நாவல் முடிந்தது. அதைப் படித்த பிள்ளைகள் அந்த இடத்தில்தான் சிரித்தார்கள். சிரித்துவிட்டு இரண்டு பேர் அழுததையும் பார்த்தேன்.

எங்கள் வேலைமுறையை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு பெரிய தாளில் இருபுறமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஃபாரம் என்று பேர். எங்கள் நாவல் என்றால் ஐந்து ஃபாரம். கதை நாலரை ஃபாரத்தில் முடிந்தால் மீதி வெள்ளைத் தாளை முதலாளி விடமாட்டார், ஐந்தரைக்குப் போனாலும் விடமாட்டார். துக்கமோ சந்தோஷமோ எண்பதாம் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். முதல் நான்கு ஃபாரம் தயாரானதும் ஐந்தாவதை நிறுத்தி வைப்போம். ஐந்து ஃபாரத்தின் புரூஃப் தாள்களையும் தைத்து எடுத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பிள்ளைகள் படிக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் கடைசி ஃபாரத்தை முடிவு செய்வோம்.

தாயில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அத்தை மகள் ஜெசிந்தா டீச்சராக இருந்தாள். அவளுடைய ஐந்தாம் வகுப்புதான் எனக்குப் பரீட்சை மண்டபம். அந்த வருடம் நான் கொண்டுபோனது, அம்மாவை வெடி விபத்தில் இழந்த ஒரு சிறுமியின் கதை. சித்தி அவளை எடுத்து வளர்க்கிறாள். சித்திக்கும் பயராபீஸில்தான் வேலை. சிறுமி சித்தியோடு ஒட்ட மாட்டேன் என்கிறாள். கடைசியில் சித்தி புது வெள்ளை ரிப்பன் வாங்கிவந்து இரட்டைச் சடை பின்னிவிட, அவள் சிரிக்கிறாள். அந்த ரிப்பன் காட்சிக்கு ஆர்ட்டிஸ்ட் அழகாக ஒரு படமும் போட்டிருந்தார். அண்ணாச்சி ஒரே ஒரு சேவுதான் தின்றார். அது போதும் என்று நான் கிளம்பிவிட்டேன்.

போனபோதே ஜெசிந்தா வராண்டாவில் என்னை நிறுத்தினாள். "உன் கதையில வர்ற மாதிரியே ஒருத்தி என் வகுப்புல இருக்கா. முனீஸ்வரி. அம்மா போயி இன்னும் வருசம் திரும்பல. அவ கைப்பிள்ளையா இருக்கும்போதே அப்பா போயிட்டான். சித்திதான் பாத்துக்கிடுதா. பாத்து வாசி."

முனீஸ்வரியைக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாப் பெண்பிள்ளைகளும் இரட்டைச் சடையும் வெள்ளை ரிப்பனுமாக உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் தலைமுடியை ஒரு ரப்பர் பேண்டில் கட்டியிருந்தாள். அவளே போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. தினமும் இதற்காக ஏச்சு வாங்குகிறாளாம். ரிப்பன் எங்கே என்றால் பதில் சொல்ல மாட்டாளாம்.

அவள் மற்றவர்களைவிட வேகமாகப் படித்தாள். விபத்து பற்றி வருகிற இடத்தை நிற்காமல் கடந்தாள். ரிப்பன் படத்துக்கு வந்ததும் நிறுத்தி, வெகு நேரம் அதையே பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இந்தச் சித்தி வேலைக்குப் போகமாட்டாகளா?"

மூக்குக் கண்ணாடியும் தோள்பையுமாக யார் வந்தாலும் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான். "போவாகளே. முன்னாடி வருதுல்ல, பயராபீஸுக்குப் போறாகன்னு."

"அப்ப கை?"

"கைக்கு என்னத்தா?"

"ரிப்பன் எப்படி வெள்ளையா இருக்கு?"

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் சடை போட்டுவிடுவாக" என்றேன்.

அவள் தாள்களை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கைக்கு என்ன என்பது எனக்குத் தெரியாதது இல்லை. பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துகிற பெண்களின் கையில் வெள்ளி ஒட்டியிருக்கும். வெள்ளி என்று சொல்வது அலுமினியப் பவுடரை. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணிலும் ரேகையிலும் நிற்கும். சாயங்கால பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்தே யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நான் வேண்டுமென்றேதான் அதை எழுதவில்லை. அம்மாவை அந்த மருந்து கொன்றிருக்கிறது, பிள்ளைக்கு அது ஞாபகம் வரக் கூடாது என்று நாவல் முழுக்க வெள்ளியும் கந்தகமும் இல்லாமல் துடைத்து வைத்திருந்தேன். இது கருணை என்று எனக்கு நினைப்பு.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. "பிள்ளை சரியாத்தானம்மா கேட்டிருக்கு" என்றார். "எங்காத்தா கம்பி மத்தாப்ப மருந்துல முக்குறவ. என் சட்டைக் காலர்லயெல்லாம் அவ விரல் வெள்ளியா பதிஞ்சிருக்கும். உனக்கு அது மருந்து. எனக்கு அது எங்காத்தா." அவருடைய அம்மாவைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

சித்தியின் கையில் வெள்ளியைச் சேர்த்துத் திருத்தி எழுதினேன். கேட்டுக்கொண்டே அவர் சேவை எடுத்துக் கடித்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "வெள்ளி வேணும்னீக, வெள்ளி போட்டாச்சு. இன்னும் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன். "தெரியல. ஆனா அந்தப் பிள்ளை சடை போடாம வருதே, அது ஏன்னு உனக்கும் தெரியலல்ல?" என்றார். மெஷின்மேன் ஐந்தாவது ஃபாரம் எப்போது வரும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். காலண்டர் ஆர்டர் வரத் தொடங்கிவிட்டால் எங்களுக்கு மெஷின் கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் ஜெசிந்தாவிடமிருந்து போன். "முனீஸ்வரி சித்தி டி.சி. கேட்டு வந்துட்டா. விருதுநகர்ல ஹாஸ்டல்ல சேக்கப் போறாளாம். பிள்ளை தன்கிட்ட ஒட்டவே இல்ல, அங்கனயாவது நல்லாருக்கட்டும்னு சொல்லி அழுதா. ஒரு வாரம் கழிச்சு வான்னு அனுப்பியிருக்கேன்."

கதை எழுதுகிறவள் அடுத்தவர் வீட்டில் தலையிடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். யோசித்து ஒன்றும் முடிவாகவில்லை. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

ஒற்றை அறை வீடு. முனீஸ்வரி வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "சித்தி இன்னும் வரல" என்று சொல்லி, உள்ளே போய்ப் பாயை எடுத்து விரித்துவிட்டு மறுபடி எழுதப் போனாள். பயராபீஸ் வேன் வந்து பெண்களை இறக்கிவிட்டது. முனீஸ்வரியின் சித்தி பேச்சியம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். உள்ளே வராமல் நேராக வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். முப்பது வயதுகூட இருக்காது. கல்யாணப் பேச்சு வந்ததை, பிள்ளை இருக்கிறாள் என்று தள்ளி வைத்தவள் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

நானும் பின்னால் போனேன். அவள் கையில் மண்ணெண்ணெயை ஊற்றித் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் வெடித்து விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது.

"என்னம்மா இது, சோப்புப் போட்டாப் போதாதா?"

"சோப்புக்குப் போகாது டீச்சர். அவ அம்மா கையும் என் கையும் ஒண்ணு மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் வேலை பாத்தோம். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், போகல. இந்த வெள்ளியப் பாத்தா பிள்ளைக்கு அவ நெனப்பு வந்திரும்ல. அதான் அம்புட்டையும் எடுத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள போவேன். ஆனாலும் பாருங்க, தலையத் தொட விடமாட்டேங்கா."

"எப்ப இருந்து?"

"வந்த புதுசுல பின்ன விட்டா. அவ அம்மா வாங்குன ரிப்பன் ரெண்டு வச்சிருந்தா. வெள்ளி அப்பி ஒரே அழுக்கு. டீச்சர்மாரு ஏசுவாகளேன்னு ஊற வச்சு, நல்லா அடிச்சுத் துவைச்சு, நீலம் போட்டுக் காயப் போட்டேன். பால் மாதிரி ஆயிருச்சு. அன்னையிலருந்துதான். ஒரு வார்த்தைகூட நான் ஏசுனதில்ல டீச்சர். அவ என்ன செஞ்சாலும் ஏச மாட்டேன்."

துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்தேன். அவள் கேட்காமலேயே, பள்ளிக்கூடத்தில் முனீஸ்வரி என்னிடம் என்ன கேட்டாள் என்பதைச் சொன்னேன். கதையில் வருகிற சித்தியின் கை எப்படிச் சுத்தமாக இருக்கும் என்று கேட்டாள், ரிப்பன் எப்படி வெள்ளையாக இருக்கும் என்று கேட்டாள். நான் சொன்னது அவ்வளவுதான். அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் என் நாவலைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தவள்தானே.

பேச்சியம்மாள் நாரைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அய்யோ டீச்சர்" என்றாள். "அவ அம்மா விரலயா நான் துவைச்சேன்?" என்று கேட்டுவிட்டு, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். முனீஸ்வரி வாசலில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பக்கத்தில் வரவில்லை. கதையில் எழுதியிருந்தால் ஓடி வந்து கட்டிப்பிடித்திருப்பாள்.

கிளம்பும்போது மண்ணெண்ணெய் பாட்டில் தொட்டி ஓரத்தில் அப்படியே இருந்தது. பேச்சியம்மாள் சாதாரணச் சோப்பில் கையைக் கழுவிவிட்டு எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தம்ளரைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் வெள்ளி இருந்தது.

ஊருக்கு வந்து எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை. கதையிலும் சித்தி ரிப்பனைத் துவைத்துவிடுகிறாள் என்று மாற்றியாயிற்று. துவைத்ததைத் திரும்ப அழுக்காக்க முடியாதே. அம்மாவின் விரல் போனது போனதுதான். இரண்டு பக்கம் நிரப்ப வேண்டும், என்னிடம் ஒரு வரி இல்லை. "அம்மா கனவுல வந்து ரிப்பனத் தொட்டான்னு எழுதிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் பொட்டலத்தைப் பிரித்தார்.

அந்த இரண்டு பக்கத்தையும் எழுதிக் கொடுத்தது பேச்சியம்மாள்தான். மூன்று நாளோ நாலு நாளோ கழித்து ஜெசிந்தா பேசினாள், குரலே மாறியிருந்தது.

"இன்னைக்கு முனீஸு ரெட்டைச் சடை போட்டு வந்தா கிரேஸ். ரிப்பன் ஓரமெல்லாம் மினுமினுன்னு கறை. நான் பழக்க தோஷத்துல, ஏன் இவ்வளவு அழுக்கு, நாளைக்குத் துவைச்சுட்டு வான்னு வாயெடுத்துட்டேன். அவ தலைய நிமித்தி, துவைக்க மாட்டேன் டீச்சர், எங்க சித்தி கைன்னு சொல்லுதா."

நடந்ததைப் பேச்சியம்மாள் பிறகு என்னிடம் சொன்னாள். மண்ணெண்ணெயை விட்டதும் கையில் பழையபடி வெள்ளி நின்றுவிட்டது. அன்று காலையில், கேட்டால் விடமாட்டாள் என்று, கேட்காமலேயே முனீஸ்வரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தலையைப் பிடித்துவிட்டாள். கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தபோது ரேகைக்குள் இருந்த வெள்ளி எண்ணெயோடு கிளம்பி வந்தது. ரிப்பனை முடிச்சுப் போடும்போது ஒட்டிக்கொண்டது. அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஒட்டியிருக்க வேண்டும். முனீஸ்வரி கையைப் பின்னால் விட்டு ரிப்பனை முன்னால் இழுத்துப் பார்த்திருக்கிறாள். இன்னொரு பக்கத்தையும் பார்க்கத் தலையைத் திருப்பியிருக்கிறாள்.

"'அடியே, ஆடாம இரு, வேன் வந்திரும்'னு அன்னைக்குத்தான் டீச்சர் மொதல்ல ஏசுனேன். அவ திரும்பி என்னையப் பாத்தா. பாத்துட்டு, 'சித்தி, இந்தப் பக்கம் லூசா இருக்கு, திரும்பப் போடு'ன்னு சொல்லுதா. எம்புட்டு மாசம் கழிச்சு வாயத் திறக்கா, குறை சொல்லத்தான் திறக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். டி.சி. பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இதை எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டேன். பேச்சியம்மாள், "எழுதுங்க, என்ன இப்ப" என்றாள். முனீஸ்வரி மட்டும் நிபந்தனை போட்டாள். தன் பேர் வரக்கூடாது, ஐஸ்வர்யா என்று போட வேண்டும். போட்டேன். சித்தியை அவள் கடைசிவரை சித்தி என்றுதான் கூப்பிடுவாள், அம்மா என்று கூப்பிட வைத்துவிடக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. எண்பதாம் பக்கம், "லூசா இருக்கு, திரும்பப் போடு" என்பதில் முடிந்தது.

வாசித்து முடித்தபோது அண்ணாச்சி கண்ணைத் திறக்கவில்லை. பொட்டலத்தின் நூல்கூட அவிழ்க்காமல் இருந்தது. "படத்துலயும் கறை தெரியணும்" என்று மட்டும் சொன்னார். ஆர்ட்டிஸ்ட் பழைய படத்து வெள்ளை ரிப்பனில் சாம்பல் நிறத்தில் விரல் தடம் போட்டுக் கொடுத்தார்.

கடைசி ஃபாரம் ஏறிய அன்று நானும் அண்ணாச்சியும் மெஷின் பக்கத்தில் நின்றோம். தாள்கள் வரத் தொடங்கின. மெஷின்மேன் ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். சட்டென்று மெஷினை நிறுத்திவிட்டு, பஞ்சை எடுத்துக்கொண்டு பிளேட்டைத் துடைக்கக் குனிந்தான். ரிப்பனில் அழுக்குப் பட்டு அச்சாகிறது என்று நினைத்துவிட்டான். அவன் வேலையை அவன் ஒழுங்காகப் பார்த்தான்.

"ஏலே, தொடைக்காத!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பைண்டிங்கில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அத்தனை வருடத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "அது அழுக்கு இல்லலே. அது இருக்கணும். எல்லாத் தாள்லயும் இருக்கணும். ஒண்ணுலகூட விட்டுப்போகக் கூடாது." சொல்லிவிட்டு அவர் தன் சட்டைக் காலரை ஒருமுறை தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் பல நாவல்கள் எழுதினேன். சில நன்றாக விற்றன, சில குடோனில் கிடந்தன. அண்ணாச்சி இறந்துவிட்டார். அவர் போன பிறகு நான் வாசிப்பதைக் கேட்க ஆளில்லாமல், வீட்டுக்காரரை உட்கார வைத்து வாசித்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தூங்கிவிடுவார். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ரேவதி, நீ கேட்ட கேள்விக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். அம்மா முதல் பக்கத்துக்கு முன்னாடியே போய்விடட்டும். ஆனால் அவள் தொட்டது எல்லாவற்றையும் பிள்ளையிடமே விட்டு வை. அழகாக இல்லை என்று எதையும் துடைக்காதே. மேனேஜர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை நானே கொண்டுபோய் முனீஸ்வரியிடம் கொடுத்தேன். ஐஸ்வர்யா என்று பேர் வருகிற இடங்களை முதலில் தேடிப் பார்த்துத் திருப்தியானாள். பிறகு கடைசிப் படத்தைத் திறந்தாள். ரிப்பனில் இருந்த விரல் தடத்தின் மேல் தன் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். விரலைத் தூக்கிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"டீச்சர், இது துவைச்சாலும் போகாதுல்ல?"

"தண்ணியில போட்டா புத்தகமே போயிரும்த்தா. மை போகாது" என்றேன்.

அவள் புத்தகத்தைப் பைக்குள் வைக்காமல், உள்ளே வேலையாக இருந்த சித்தியிடம் காட்ட எடுத்துக்கொண்டு ஓடினாள்.